லீவில் வந்த அப்பாவும் கதவைச் சாத்திக்கொண்ட ரூத்தும்

போன டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், நம் சிங்கப்பூர் தேக்கா சந்தையில் மீன் கடைகளுக்கு நடுவே நின்றுகொண்டு என் மகள் ரூத், "இவரு என் அப்பா இல்ல!" என்று அலறினாள். அவள் கையைப் பிடித்திருந்தவர் என் கணவர் சாலமன். அவர்தான் அவளுடைய அப்பா. இதைச் சபையார் முன்னால் நின்று நான் உறுதிப்படுத்த வேண்டியிருக்கிறது என்றால், நாங்கள் பட்ட பாடு உங்களுக்குப் புரிந்திருக்கும். அந்தப் பாட்டிலிருந்து கர்த்தர் எங்களை எப்படி மீட்டார் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

சாலமன் ராணுவத்தில் வண்டி பழுதுபார்க்கும் பிரிவில் இருக்கிறார். பல நாட்டுப் படைகள் சேர்ந்து இருக்கும் ஒரு முகாமுக்கு, மத்தியக் கிழக்கில், அவரை அனுப்பினார்கள். முதலில் ஆறு மாதம் என்றார்கள். பிறகு நீட்டித்தார்கள். அவர் கிளம்பும்போது ரூத்துக்கு மூன்று வயதுகூட ஆகவில்லை. விமான நிலையத்தில் லாலிபாப்பை வாயில் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு டாட்டா காட்டுவதுபோல் காட்டினாள். அழுததெல்லாம் நான்தான்.

அந்த நாட்களை எப்படிச் சொல்வது? டிவியில் அந்தப் பக்கத்து நாடுகளின் பெயர் வந்தாலே நான் சேனலை மாற்றிவிடுவேன். வேலைக்குப் போவேன், ரூத்தைப் பாலர் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டு சுவா சூ காங் வீட்டுக்கு வருவேன், சாயங்காலம் போனுக்குக் காத்திருப்பேன். சாலமன் தொப்பியும் தூசியுமாகத் திரையில் வருவார். ரூத்துக்கென்று என் பழைய போனைக் கொடுத்திருந்தேன். அவர் படத்தைத் தொட்டால் அழைப்பு போகும். சோறு ஊட்டும்போது அப்பா, குளித்து முடித்ததும் அப்பா. போனைத் தூக்கிக்கொண்டு, "அப்பாவுக்குத் தூக்கம் வருது" என்று தலையணைக்கடியில் வைத்துவிடுவாள். எனக்குச் சிரிப்பாக இருக்கும். அவள் மனசுக்குள் என்ன கணக்கு ஓடியது என்று நான் யோசிக்கவே இல்லை.

என் ஜெபமெல்லாம் ஒன்றுதான். கிறிஸ்துமஸுக்கு லீவு கிடைக்க வேண்டும். நம் ஜெபக்குழுவை நடத்தும் மெர்சி அக்காவிடம் சொன்னேன். எல்லாரும் உபவாசம் இருந்தார்கள். லீவு கிடைத்தது. ஸ்தோத்திரம் சொன்னோம். அடுத்த வாரம் ரத்தானது. மறுபடி உபவாசம். மறுபடி கிடைத்தது. பிறகு தேதியைத் தள்ளி வைத்தார்கள். மெர்சி அக்காவுக்குச் சர்க்கரை வியாதி. "அம்மாடி, உன் வீட்டுக்காரரோட ஆபீஸர் ஒரு முடிவுக்கு வரட்டும். எனக்குத் தலை சுத்துது" என்றார். கடைசியில் உறுதியானது. சாலமன் வந்து இறங்கினார்.

பிரியமானவர்களே, லீவுக்காக ஜெபித்தேனே தவிர, குழந்தைக்காக ஜெபிக்க எனக்குத் தோன்றவில்லை.

விமான நிலையத்தில் கறுத்து, மெலிந்து, வெயிலுக்கு மொட்டை அடித்துக்கொண்டு ஒரு ஆள் ஓடி வந்து தூக்கியதும் ரூத் போட்ட கூச்சலில் பாதுகாப்பு ஊழியர் திரும்பிப் பார்த்தார். சரி, புதுசு என்று விட்டுவிட்டோம். வீட்டுக்கு வந்தும் அப்படித்தான். அவர் ஹாலுக்கு வந்தால் அவள் அறைக்குப் போவாள். அறைக்கு வந்தால் என் பின்னால் ஒளிவாள். அவர் பொம்மை வாங்கிக் கொடுத்தார். பொம்மையை வாங்கிக்கொண்டு, "தேங்க்யூ, அங்கிள்" என்றாள்.

"போன்ல எப்பவும் தொப்பி போட்டிருப்பீங்க. அதான் தெரியல போல" என்றேன். அன்று முதல் அவர் வீட்டுக்குள் தொப்பி போட்டுக்கொண்டு திரிந்தார். சாப்பிடும்போது தொப்பி, படுக்கும்போது தொப்பி. ரூத் என்னைத் தனியாக இழுத்துப்போய்க் காதில் சொன்னாள்: "அம்மா, அந்த அங்கிள் அப்பாவோட தொப்பிய எடுத்துட்டாரு."

அதற்குப் பிறகுதான் தேக்கா. கிறிஸ்துமஸுக்கு இறால் வாங்கப் போனோம். நான் கறிவேப்பிலை வாங்கப் பக்கத்துக் கடைக்கு நகர்ந்த நேரத்தில் கூட்டத்தில் தொலைந்துவிடக் கூடாதே என்று சாலமன் அவள் கையைப் பிடித்தார். அவ்வளவுதான். நான் ஓடி வருவதற்குள் மீன் வெட்டுகிறவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்திருந்தார். பெரிய பொட்டு வைத்த ஒரு அம்மா ரூத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார். யாரோ போலீஸைக் கூப்பிடச் சொன்னார்கள்.

அந்த அம்மா என்னைக் காட்டி ரூத்திடம் கேட்டார். "இவங்க யாருமா?"

"அம்மா."

"அவரு?"

"அங்கிள்."

அந்த அம்மா என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை பார்த்தார். தரை பிளந்தால் உள்ளே போயிருப்பேன். சாலமன் போனில் பழைய படத்தைக் காட்டினார். ரூத் கைக்குழந்தையாக அவர் தோளில் படுத்திருக்கும் படம்.

"இதுல முடி இருக்கே, தம்பி" என்றார் மீன்காரர்.

கல்யாணப் படம், அடையாள அட்டை எல்லாம் பார்த்த பிறகுதான் எங்களை விட்டார்கள். மீன்காரர் இறாலைச் சுத்தமாக உரித்துக் கொடுத்து, "மனசுல வெச்சுக்காதீங்க. பிள்ளை விஷயம்லா" என்றார். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. என் பிள்ளைக்காக முன்பின் தெரியாதவர்கள் நின்றார்களே.

ஆனால் ரயிலில் சாலமன் எங்களை விட்டுத் தள்ளிப் போய் நின்றுகொண்டார். வீட்டுக்கு வந்து அவர் பையை எடுத்துத் துணிகளை அடுக்கத் தொடங்கினார்.

"எங்க?"

"தெம்பனிஸுக்கு. அண்ணன் வீட்ல இருந்துக்கறேன். அவ சரியா சாப்பிடல, தூங்கல. என்னைப் பார்த்துப் பயந்துக்கிட்டே இருக்கா. நான் அங்கிருந்து போன்ல பேசிக்கிறேன். போன்லன்னா நல்லா பேசுவா."

பாலைவனத்திலிருந்து லீவில் வந்த மனுஷன், ஒரே ஊருக்குள், தெம்பனிஸிலிருந்து சுவா சூ காங்குக்குப் போனில் பேசப்போகிறேன் என்கிறார். எனக்கு அழுகை தாங்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். அங்கே குண்டுச் சத்தம் கேட்கும் ஊரில் இருந்தபோதுகூட அந்த முகம் அப்படி இருண்டதில்லை.

சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். வழக்கமாக நான் நீளமாக ஜெபிப்பேன். ஆண்டவருக்கு வழிமுறையெல்லாம் சொல்லிக் கொடுப்பேன். அன்றைக்கு வார்த்தை வரவில்லை. கையில் இறால் வாசனையோடு நின்றுகொண்டு, "ஆண்டவரே, ஒரே ஒரு தடவை, அவளே அவரை அப்பான்னு கூப்பிடணும். எப்படின்னு எனக்குத் தெரியாது" என்றேன். அவ்வளவுதான்.

வாசலில் மணி அடித்தது. மெர்சி அக்கா கேக்கோடு வந்திருந்தார். எங்கள் முகத்தைப் பார்த்து விஷயத்தைக் கேட்டார். "முதல்ல பையைக் கீழ வைங்க தம்பி. ஜெபம் பண்ணுவோம்" என்றார். ஹாலில் நின்று மூவரும் கண்ணை மூடினோம். மெர்சி அக்காவின் ஜெபம் உங்களுக்குத் தெரியும். ஆதியாகமத்தில் தொடங்குவார். எகிப்து வருவதற்குள் 'டங்' என்று ஒரு சத்தம்.

கண்ணைத் திறந்தால் ரூத்தைக் காணோம். பாம் ஷெல்டரின் கதவு மூடியிருந்தது.

நம் அடுக்குமாடி வீடுகளில் எல்லாருக்கும் அந்த அறை இருக்கிறது. போர் வந்தால் பதுங்குவதற்கென்று கட்டியது. நாம் அரிசி மூட்டையும் பழைய சூட்கேஸும் வைத்திருக்கிறோம். தடித்த சுவர், இரும்புக் கதவு. அந்தக் கதவு கிரீச்சிடுகிறதென்று முந்தின நாள்தான் சாலமன் எண்ணெய் போட்டிருந்தார். சும்மா உட்காரத் தெரியாத மனுஷன். எண்ணெய் போட்ட கதவு ஒரு குழந்தை இழுத்ததும் சுலபமாகச் சாத்திக்கொண்டது. உள்ளே கைப்பிடியையும் பிடித்துத் தொங்கியிருக்கிறாள். தாழ் விழுந்துவிட்டது.

சாலமன் ஓடிப்போய் வெளிக் கைப்பிடியைத் தூக்கினார். கனரக வண்டிகளைக் கழற்றி மாட்டுகிற கை. கைப்பிடி முழுசாகக் கழன்று அவர் கையோடு வந்துவிட்டது.

"ரூத்! ரூத்து!" என்று கதவைத் தட்டினேன். மேலே காற்றுக்கு ஓட்டை இருக்கிறது என்று தெரியும். தெரிந்து என்ன செய்ய? அவசர எண்ணுக்கு அழைத்தேன். வருகிறோம் என்றார்கள். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுச் சீன அங்கிள் வந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் அவருக்கு டிரில் போடுவதுதான் பொழுதுபோக்கு. "டோன்ட் வொரி! ஐ ஹேவ் டிரில்!" என்று சந்தோஷமாக ஓடினார். மெர்சி அக்கா எகிப்தை விட்டுவிட்டு நேராகச் சிங்கப்பூருக்கு வந்து, "ஆண்டவரே, இந்தக் கதவு! இந்தக் கதவு!" என்று அதன்மேல் கை வைத்துவிட்டார்.

அப்போது சாலமனின் சட்டைப் பையில் போன் அடித்தது.

எடுத்துப் பார்த்தார். அப்படியே நின்றார். திரையை என் பக்கம் திருப்பினார். அழைப்பது ரூத். அப்பாதான் வந்துவிட்டாரே என்று நான் டிராயரில் போட்டுவைத்த அந்தப் பழைய போனை எடுத்துக்கொண்டு உள்ளே போயிருக்கிறாள். அத்தனை தடித்த சுவருக்குள் எப்படி சிக்னல் என்கிறீர்களா? எங்கள் வைஃபை பெட்டி அந்த அறைக்குள்தான் இருக்கிறது. அங்கே கொண்டுபோய் மாட்டியவர் என் கணவர். படுக்கையறைக்கு லைன் வருவதில்லை என்று நான் அவரோடு போடாத சண்டையில்லை. அன்றைக்கு அதற்கும் சேர்த்து ஸ்தோத்திரம் சொன்னேன்.

அவர் போனை எடுத்தார். திரையில் அவள் மூக்கு மட்டும் தெரிந்தது.

"அப்பா!" என்றாள்.

நான் கேட்ட அந்த ஒரு வார்த்தை.

"அப்பா, நம்ம வீட்டுக்கு ஒரு அங்கிள் வந்திருக்காரு. போகவே மாட்டேங்கிறாரு."

சாலமன் திரையைக் கிட்டே கொண்டுவந்தார். "அப்படியா கண்ணு? என்ன பண்றாரு?"

"உங்க டவல்ல முகம் துடைக்கிறாரு. உங்க இடத்துல படுக்கிறாரு. அம்மா அவரை ஒண்ணுமே சொல்றதில்ல."

மெர்சி அக்கா, இந்த இடத்தில் நீங்கள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டதை நான் பார்த்தேன்.

"கெட்டவரா அந்த அங்கிள்?"

அவள் யோசித்தாள். "தெரியல. தோசை நல்லா சுடறாரு. நீங்க வாங்கப்பா. வந்து அவரைப் போகச் சொல்லுங்க." சொல்லும்போதே குரல் உடைந்தது. "கதவு திறக்க மாட்டேங்குதுப்பா. பயமா இருக்கு."

அந்தக் கணமே அவர் குரல் மாறிவிட்டது. "அப்பா இருக்கேன். அப்பா சொல்ற மாதிரி செய்வியா? அரிசி மூட்டை மேல ஏறு. ஏறிட்டியா? கதவுல நீளமா ஒரு கம்பி இருக்கா? அதுக்குக் கீழ உன் தோளைக் குடு. குடுத்துட்டியா? இப்ப ராக்கெட் மாதிரி எழுந்திரு. மூணு, ரெண்டு, ஒண்ணு!"

உள்ளே முக்குகிற சத்தம். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி சொன்னார். மறுபடி முக்கினாள். அப்புறம் சத்தமே இல்லை. எனக்கு உயிர் போய் வந்தது.

"அப்பா" என்றாள் மெதுவாக. "உங்க பின்னாடி நம்ம வீட்டு கிறிஸ்துமஸ் மரம் இருக்கு."

அவர் திரும்பிப் பார்த்தார். இருந்தது.

"நீங்க எங்க இருக்கீங்க?"

"கதவுக்கு வெளியதான் கண்ணு நிக்கிறேன்."

அடுத்த ராக்கெட்டில் தாழ் விடுபட்டது. கதவு திறந்தது. தலையெல்லாம் அரிசித் தூசியோடு நின்றாள். கையிலிருந்த போனைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். திரும்பப் போனைப் பார்த்தாள். பக்கத்தில் வந்து அவர் கன்னத்தை ஒரு விரலால் அழுத்திப் பார்த்தாள்.

"அப்பா, எப்படி வெளிய வந்தீங்க?"

என் குழந்தை அத்தனை நாளும் அவள் அப்பா போனுக்குள் குடியிருப்பதாக நினைத்திருக்கிறாள். அவர் மண்டியிட்டு அவளைக் கட்டிக்கொண்டார். அவள் அவர் தோளுக்கு மேலே எட்டி வீட்டையெல்லாம் ஒரு முறை பார்த்தாள்.

"அந்த அங்கிள்?"

"போயிட்டாரு" என்றார்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு அங்கிள் டிரில்லோடு வந்து நின்றார். திறந்த கதவைப் பார்த்ததும் அவர் முகம் விழுந்துவிட்டது. தீயணைப்பாளர்களும் வந்தார்கள். எல்லாருக்கும் மெர்சி அக்காவின் கேக்கைக் கொடுத்து அனுப்பினோம். தெம்பனிஸுக்குப் போக இருந்த பையை நானே பிரித்து அடுக்கினேன்.

அதற்குப் பிறகு ரூத் அவரை விடவில்லை. அவர் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே உட்கார்ந்து, "இன்னும் இருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். கிறிஸ்துமஸ் ஆராதனையில் அவர் மொட்டைத் தலையைப் பிடித்துக்கொண்டு தோளில் உட்கார்ந்திருந்ததை நீங்களே பார்த்தீர்கள்.

லீவு முடிந்து அவர் திரும்பிப் போன அன்று விமான நிலையத்தில் ரூத் தரையில் விழுந்து அழுதாள். முதல் முறை டாட்டா காட்டிய அதே பிள்ளை. ஒரு தாய் தன் குழந்தை அப்படி அழுவதைப் பார்த்து ஆண்டவருக்கு நன்றி சொல்வாளா? நான் சொன்னேன். அவள் அழுதது அவளுக்கு அவர் யாரென்று தெரிந்ததால்.

அன்று முதல் என் ஜெபம் சுருங்கிவிட்டது. ஆண்டவருக்கு நான் வழிமுறை சொல்வதில்லை. சாலமனோடு அங்கே வேலை செய்தவர்களின் மனைவிமார் சிலருக்கு வாரம் ஒரு முறை போன் செய்கிறேன். வீட்டுக்காரர் லீவில் வருமுன்னே பிள்ளையைத் தயார்படுத்துங்கள் என்கிறேன். அவர்களுக்காக ஜெபிக்கிறேன். உங்களில் யார் வீட்டிலாவது ஒருவர் தூரத்தில் இருக்கலாம். ஒரே வீட்டுக்குள் இருந்தும் தூரமாக இருக்கலாம். உங்களுக்கு என்ன வேண்டுமோ அதைக் கேளுங்கள், வார்த்தை வராவிட்டாலும் கேளுங்கள். என் சமையலறையில் கேட்டவர் உங்கள் வீட்டிலும் கேட்பார்.

சாலமன் பணி முடிந்து நல்லபடியாகத் திரும்பிவிட்டார். இன்றைக்கும் வந்திருக்கிறார், கடைசி வரிசையில். அவரை எழுந்து நிற்கச் சொன்னால் நிற்க மாட்டார். ரூத் அவர் மடியிலேயே தூங்கிவிட்டாள். அதனால் யாரும் கைதட்ட வேண்டாம். ஆமென் மட்டும் சொல்லுங்கள், மெதுவாக.