விரிப்பில் பிடுங்கிய ஆணி

இன்று காலை, காரைக்குடியிலிருந்து சாக்கோட்டை போகிற டவுன் பஸ். பந்தைச் சுரண்டி மாட்டிக்கொண்ட தேசியக் கிரிக்கெட் அணி கேப்டனைத் தூக்கிவிட்டார்கள் என்பதுதான் பஸ் முழுக்கப் பேச்சு.

முன் சீட்டுப் பெரியவர் பக்கத்து இளைஞரிடம் சொன்னார்: "எங்க காலத்துல இந்தக் கேவலமெல்லாம் கிடையாது தம்பி. நம்மூரு டீமுக்கு நானே கேப்டனா இருந்தவன்."

அந்தக் குரலைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எழுபதுகளில் செம்மண் தரையில் தென்னைநார் விரிப்பைப் போட்டு, சுற்றிலும் ஆணி அடித்துத்தான் ஆடுவோம். நான் எதிரணி. சாப்பாட்டு இடைவேளையில், விரிப்பு போடும் சின்னையாவை அதட்டி ஒரு பக்கத்து ஆணிகளைப் பிடுங்க வைத்தவர் இவர். விரிப்பு சுருண்டது. அந்த மடிப்பில் குத்திய பந்து எகிறி, மட்டையோடு நின்ற என் பல்லைப் பெயர்த்தது.

விசாரணை நடந்தது. சின்னையாவை விரட்டினார்கள். இவர் கேப்டன் பதவியை விட்டுவிட்டு ஊர்க் கிரிக்கெட் சங்கச் செயலாளர் ஆனார்!

"ஐயா, என்னைத் தெரியுதா?" என்றேன்.

"தெரியலையே. நீங்க எந்த ஊருக்காரவுக?"

செயற்கை முன்பல் இரண்டையும் கழற்றி உள்ளங்கையில் நீட்டினேன். "இதப் பாத்துட்டுச் சொல்லுங்க. அன்னைக்கு ஆணியப் பிடுங்கச் சொன்னது யாரு? சின்னையாவா, நீங்களா?"

பெரியவர் அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிட்டார்.

சாக்கோட்டைக்கு டிக்கெட் எடுத்த மனிதர். இறங்கிய இடத்தில் கருவேலங்காட்டைத் தவிர ஒன்றுமில்லை.

உங்கள் ஊர்ச் சங்கச் செயலாளர் எந்த ஸ்டாப்பில் இறங்குவார்?