சூட்டை விரித்துப் போட்ட அக்கா

அன்புள்ள உறவினர்களே, நண்பர்களே,

இந்த நினைவு மலரில் அக்காவைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் நான்கு பேராவது இருக்கிறார்கள். நால்வரும் எழுத மறுத்துவிட்டார்கள். "மாமா, நீங்களே எழுதுங்க. ஆனா உள்ளத மட்டும் எழுதுங்க" என்று அக்காவின் மூத்த மகள் தாளையும் பேனாவையும் என் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டாள். உள்ளதை மட்டும் சொல்வது எனக்குப் பழக்கமில்லாத வேலை. தேயிலைத் தோட்டத்து ஃபிட்டராக இத்தனை வருடமும் "நாளைக்கு முடிஞ்சிரும்" என்று சொல்லியே காலம் தள்ளியவன் நான். ஆனாலும் இந்த ஒரு தடவை முயன்று பார்க்கிறேன். காரணம், அக்காவுக்குச் சேர வேண்டிய பெயர் ஒன்று பத்து வருடங்களாக என்னிடம் இருக்கிறது. அதைத் திருப்பிக் கொடுக்காமல் ஆண்டுத் திதிச் சாப்பாட்டில் நான் கை வைக்கக் கூடாது. சாப்பாட்டில் கை வைக்காமல் இருப்பது என்னால் ஆகாத காரியம் என்பது நீங்கள் அறிந்ததே.

அக்கா பிறந்தது மடுல்சீமையில், வண்டி போகாத ஒரு மேட்டில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில். அப்பா தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுபவர், அம்மா கொழுந்தெடுப்பவர். அக்காவுக்கு எட்டு வயதானபோது நான் பிறந்தேன். பிறந்ததும் நான் போட்ட கூச்சலில் காதைப் பொத்திக்கொண்டு, "ஏம்மா இவன் இப்படிக் கத்துறான்?" என்று அக்கா கேட்டாராம். "கத்துனா நல்லாருக்கான்னு அர்த்தம்டி" என்றாராம் அம்மா. அன்று தொடங்கி நான் வாயை மூடவில்லை. அக்காவோ அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு மருத்துவிச்சியாகிவிட்டார்.

தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு. பிறகு அந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் ஐயாவுக்குப் பாட்டில் கழுவும் வேலை. அங்கிருந்து பதுளைக்குப் போய்ப் பிரசவம் பார்க்கப் பயின்றது. இத்தனையும் காலில் செருப்பில்லாமல் நடந்தவை. நாடு சுதந்திரம் பெற்ற மறுவருடம் நமுனுகுல மலைச்சரிவில் உள்ள எங்கள் தோட்டத்துக்கு மருத்துவிச்சியாக வந்தார். நான் அதே தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலை அரைக்கும் ஆலையில், ஃபிட்டருக்கு உதவியாள் என்ற பெயரில் ஸ்பேனர்களைத் தொலைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் மலையின் குளிரை அனுபவித்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மார்கழியில் மூடுபனி காம்பராவுக்குள், லயத்து ஒற்றை அறைக்குள், வந்து பாயில் பக்கத்தில் படுத்துக்கொள்ளும். ஆஸ்பத்திரியின் பிரசவ அறை வடக்குப் பார்த்த கல் கட்டடம். பின்பக்கம் ஒரு பீப்பாயைக் கல் அடுப்பில் ஏற்றி வெந்நீர் வைப்பார்கள். வெந்நீர் உள்ளே போய்ச் சேருவதற்குள் பச்சைத் தண்ணீராகிவிடும். அதனால் குளிர் மாதங்களில் அந்த அறையைப் பூட்டிவிட்டு, பிள்ளைத்தாச்சிகளை லயத்திலேயே பெற்றுக்கொள்ளச் சொல்வது வழக்கம். இருட்டான காம்பராவில், அடுப்புப் புகையில், ஈரத் தரையில் குனிந்து பிரசவம் பார்த்த அக்கா இரண்டு மார்கழி பொறுத்தார். மூன்றாவது மார்கழி வருமுன் நேராகத் தோட்ட நிர்வாகியான பெரிய துரையிடம் போனார். அறையைச் சூடாக்க வேண்டும், வருடம் முழுவதும் திறந்து வைக்க வேண்டும் என்றார்.

துரை ஒரே நிபந்தனை விதித்தார். இப்போது பீப்பாய்க்குக் கொடுக்கும் விறகுதான். அதற்கு மேல் ஒரு மிலாறு கூடக் கிடையாது. மிலாறு என்பது கவ்வாத்தில் விழும் தேயிலைக் குச்சி. அதைக்கூட அவர் மதித்தார்.

அக்கா நேராக ஸ்டோருக்கு வந்தார்.

"தம்பி, பின்னால புல்லுக்குள்ள ஒரு இரும்புப் பானை நிக்குதே, அது என்னடா?"

"அது பழைய ஸ்டீம் எஞ்சினோட பொய்லர்க்கா. டீசல் எஞ்சின் வந்ததும் தூக்கிப் போட்டாங்க. இப்ப கோழி முட்டையிடுது."

"கோழிய எழுப்பி விடு. எனக்கு அது வேணும்."

துரையும் கொடுத்துவிட்டார். இப்படித்தான் என் அறிவு உலகத்துக்குத் தெரியவந்தது. என் திட்டம் எளிமையானது. பொய்லரைக் கொண்டுபோய் ஆஸ்பத்திரிப் பின்பக்கம் நிறுத்துவது, அடியில் தீ வைப்பது, ஆவியைக் குழாய் வழியாக அறையின் சுவரைச் சுற்றி ஓட விடுவது. நிறுத்தினேன், வைத்தேன். ஒரு நாள் விறகு காலை பத்து மணிக்குள் தீர்ந்தது. அறை சூடாகவில்லை. புகைபோக்கி மட்டும் செக்கச் செவேலென்று பழுத்து நின்றது.

அக்கா இடுப்பில் கை வைத்து அதை அண்ணாந்து பார்த்தார்.

"சூடெல்லாம் வானத்துக்குப் போவுதேடா. அங்க யாரு பிள்ள பெறப் போறது?"

"மேல போறதுதானேக்கா சூட்டோட கொணம்."

"உனக்கு ஊர் சுத்துறதுதான் கொணம். நான் புடிச்சு உக்கார வெக்கல? உள்ள எப்படி இருக்கு, தெறந்து காட்டு."

திறந்து காட்டினேன். அடியில் தீ, சுற்றிலும் தண்ணீர், நடுவில் ஒரு பெரிய குழாய். தீ அதற்குள் புகுந்து நேராக மேலே ஓடிவிடும். அக்கா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஈரக் கம்பளியச் சுருட்டி வெச்சா காயுமா?"

"காயாது."

"விரிச்சுப் போட்டா?"

"காயும்."

"அப்ப சூட்டையும் விரிச்சுப் போடுடா. இந்த ஒரு தடிக் கொழாய எடுத்துட்டு, சின்னச் சின்னதா நெறையப் போடு. ஒவ்வொண்ணச் சுத்தியும் தண்ணி நிக்கட்டும்."

இந்த இடத்தை என் மருமகள் சொன்னபடி உள்ளது உள்ளபடி எழுதுகிறேன். அந்தப் பொய்லரின் உயிர் இதுதான். பருத்த குழாய் ஒன்றை எடுத்துவிட்டு ஒல்லிக் குழாய்கள் பன்னிரண்டைப் பொருத்தினோம். தீ தண்ணீரைத் தொடும் பரப்பு பல மடங்கானது. புகை முன்பு ஓடியது. இப்போது நெருக்கியடித்து நடந்து, கையில் இருந்த சூட்டையெல்லாம் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வெளியே போனது. அதோடு அக்கா விடவில்லை. புகைபோக்கியில் மிச்சமிருந்த வெதுவெதுப்பையும் பார்த்துவிட்டு, அதை அணைத்தாற்போல் தண்ணீர்த் தொட்டியை வைக்கச் சொன்னார். அப்படி வைத்ததால் பொய்லருக்குள் போகும் தண்ணீர் பாதி சூடாகவே போனது.

நான் செய்த தவறுகளையும் எழுத வேண்டுமே. சுவர்க் குழாய்களை ஏறுமுகமாகச் சாய்த்துவிட்டேன். ஆவி ஆறித் தண்ணீரானால் வடிய வேறு வழியில்லை. உள்ளே தேங்கி, அடுத்து வரும் ஆவியோடு மோதி, "டமார் டமார்" என்று அறை முழுவதும் இடித்தது. எங்கள் ஆஸ்பத்திரி டிஸ்பென்சர் ஐயா மாத்திரைப் போத்தலோடு கட்டிலுக்கு அடியில் போய்விட்டார். சரி என்று சாய்வை மாற்றி அந்தத் தண்ணீரைச் சாக்கடைக்கு விட்டேன். மறுநாள் சாக்கடையோரம் தோட்டத்து நாய்கள் வரிசையாகச் சுருண்டு படுத்திருந்தன. அக்கா பார்த்தார்.

"நாய்க்குத் தெரியுது, சூடு எங்க இருக்குன்னு. உனக்குத் தெரியல. அந்தத் தண்ணியத் திரும்பப் பொய்லருக்கே கொண்டு வா."

கொண்டு வந்தேன். நாய்கள் என்னை மன்னிக்கவில்லை. கடைசியாகப் பொய்லருக்குக் களிமண்ணும் உமியும் பூசி, அதன் மேல் பழைய கம்பளிகளைக் கிழித்து அக்காவே சுற்றினார். பிறந்த பிள்ளையைச் சுற்றுவது போலத்தான். கழுத்துப் பக்கம் மட்டும் கொஞ்சம் தளர்வாக.

சரஸ்வதி பூசைக்கு மறுநாள் சோதனை என்று துரை சொல்லிவிட்டார். ஒரு நாள் பீப்பாய் தின்னும் விறகை அடுக்கிக் கணக்கப்பிள்ளை சுண்ணாம்புக் கோடு போடுவார். காலையிலிருந்து மாலைப் பெரட்டு வரை, அதாவது ஆள் எண்ணும் நேரம் வரை, அறையும் சூடாக இருக்க வேண்டும், வெந்நீரும் இருக்க வேண்டும். முடியாவிட்டால் பொய்லர் மறுபடி கோழிக்கு, அறைக்கு மறுபடி பூட்டு. அந்த வாரம் அறையில் ஒரு பெண் சேர்ந்திருந்தாள். கொழுந்தெடுப்பவள், முதல் பிரசவம். பூட்டினால் அவள் திரும்பிப் போக வேண்டியது கூரை ஒழுகும் காம்பராவுக்கு.

பூசையன்று ஸ்டோரில் எல்லா இயந்திரத்துக்கும் சந்தனம், குங்குமம், மாலை. என் பொய்லருக்கு மட்டும் குறை வைப்பேனா? ஆவியின் அளவைக் காட்டும் வட்டக் கண்ணாடியின் நடுவில் பெரிய சந்தனப் பொட்டு வைத்தேன். பொய்லரின் உச்சியில் ஒரு வால்வு உண்டு. அதன் மேல் நீளமாக ஒரு இரும்புக் கோல், கோல் நுனியில் கனத்துக்கு ஒரு இரும்புக் குண்டு. உள்ளே ஆவி மிஞ்சினால் கோலைத் தூக்கிக்கொண்டு "வீல்" என்று வெளியே வந்துவிடும். அதனால் பொய்லர் வெடிக்காது. அந்தக் கோல் நீட்டிக்கொண்டிருந்த அழகைப் பார்த்தால் வாழைத்தார் தொங்கவிடவே செய்தது போல எனக்குத் தோன்றியது. தொங்கவிட்டேன். நல்ல கனமான தார்.

மறுநாள் காலை அதே அலங்காரத்தோடு தீ மூட்டினேன். அறை சூடேறியது. குழாயைத் தொட்ட கங்காணி கையை உதறினார். விறகு மெல்லத்தான் குறைந்தது. அந்தப் பெண்ணுக்கு வலி கண்டு அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். துரை வந்து கைத்தடியை ஊன்றி நின்றார். நான் மீசையைத் தடவிக்கொண்டு நின்றேன்.

ஜன்னலில் அக்காவின் தலை தெரிந்தது.

"டேய் தம்பி, அது ஏண்டா இன்னும் கத்தல?"

"மரியாத தெரிஞ்ச பொய்லர்க்கா. தொரை நிக்கிறாரில்ல, அடக்கமா இருக்கு."

"கத்துற பிள்ளத்தாச்சிக்கு நான் பயப்பட மாட்டேன்டா. கத்தாம இருக்கிறவளத்தான் ஓடிப் போயிப் பாக்கணும்!"

சொன்னவர் ஓடியே வந்தார். முழங்கை வரை ஈரம். ஒரு பார்வைதான். ஏணியில் ஏறி, வால்வுக் கோலை அமுக்கிக்கொண்டிருந்த தாரை இரண்டு கையாலும் தூக்கினார். அவ்வளவுதான். வால்வு போட்ட கூச்சலில் துரையின் தொப்பி ஒரு பக்கம், கைத்தடி ஒரு பக்கம். கணக்கப்பிள்ளை தேயிலைச் செடிக்குள் போய்விட்டார். மலை திரும்பக் கத்தியது. அக்கா நிதானமாக இறங்கி, பாதி வெந்திருந்த வாழைத்தாரை, பிறந்த பிள்ளையைத் தகப்பனிடம் கொடுப்பது போல் என் இரு கைகளிலும் கிடத்தினார்.

"இந்தா. உம் பிள்ள. தலையத் தாங்கிப் புடி."

உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் ஜன்னல் வழியாக இன்னொரு கூச்சல் வந்தது. சின்னது, ஆனால் வால்வுக்குச் சளைத்ததல்ல. பெண் குழந்தை. மாலைப் பெரட்டின்போது கணக்கப்பிள்ளை விறகைப் பார்த்தார். மூன்றில் ஒரு பங்கு மிச்சம்.

துரை என் முன்னால் வந்து நின்றார். "ஃபிட்டர், இது யார் யோசனை?"

அவர் கை நீண்டிருந்தது. அதுவரை எந்தத் துரையின் கையும் என் பக்கம் நீண்டதில்லை. நான் அந்தக் கையைத்தான் பார்த்தேன்.

"நான்தாங்க தொரை" என்றேன்.

ஜன்னல் திறந்துதான் இருந்தது. அக்கா குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்த மாதம் நான் தலைமை ஃபிட்டர். பொய்லரின் நெற்றியில் என் பெயர் வெட்டிய பித்தளைத் தகடு பதுளையிலிருந்து வந்து உட்கார்ந்தது. நான் அக்கா முன் தலையைக் குனிந்துகொண்டு போய் நின்றேன். அக்கா சிரித்த சிரிப்பு இன்றும் காதில் இருக்கிறது.

"விடுடா. மருத்துவிச்சி சொல்லிச் செஞ்சதுன்னா நாளைக்கே சந்தேகப்பட்டுக் கழட்டிருவாங்க. ஃபிட்டரு செஞ்சதுன்னா நிக்கும். பேரு உனக்கு, சூடு எனக்கு."

அது அக்காவின் பெருந்தன்மை. ஆனால் அந்தத் துரை ஊருக்குப் போன பிறகும், பொய்லர் நின்று நிலைத்த பிறகும் நான் வாயைத் திறக்கவில்லையே, அது என் சின்னத்தனம். என் கூச்சலெல்லாம் இப்படித்தான். வேண்டிய இடத்தில் வராது.

அன்றிலிருந்து அந்த அறை ஒரு மார்கழியிலும் பூட்டப்படவில்லை. கீழ்க் கிராமத்துச் சிங்களப் பெண்களும் மலையேறி வந்து அங்கே பெற்றுக்கொண்டார்கள். கொழுந்து நிறுத்துவிட்டு விறைத்துப் போய் வரும் பெண்களுக்கு, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை அவிழ்க்கும் முன்பே கை நனைக்க ஒரு வாளி வெந்நீர் காத்திருக்கும்படி அக்கா பார்த்துக்கொண்டார். சென்ற வருடம் ஐந்து நாள் காய்ச்சலில் அதே அறையில்தான் படுத்தார். சுவர்க் குழாயில் புறங்கையை வைத்து, "ஆறியிருக்குடா, எங்க சாப்பிடப் போன?" என்று என்னைக் கேட்டது கடைசி நாள் மாலை. நான் சாப்பிடத்தான் போயிருந்தேன்.

அக்காவின் கடைசி நாட்களில் கூடவே இருந்த டிஸ்பென்சர் ஐயாவுக்கும், தபால் பையை இறக்கி வைத்துவிட்டுக் கட்டிலோரம் உட்கார்ந்திருந்த அத்தானுக்கும், தூக்கிச் சுமந்த லயத்துத் தம்பிமாருக்கும், அரிசியும் பலாக்காயுமாக மலையேறி வந்த கிராமத்தாருக்கும், இம்மலரை அச்சிட்டுத் தந்த பதுளை நண்பருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. சோதனையன்று பிறந்த அந்தப் பெண் குழந்தை இப்போது நான்காம் வகுப்பு. இன்று பந்தியில் உங்களுக்குத் தண்ணீர் ஊற்றுவது அவள்தான்.

பித்தளைத் தகட்டை நேற்றுக் கழற்றினேன். புதியது வாங்கவில்லை, திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் உளியால் நானே வெட்டினேன். எழுத்து கோணல்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். "அக்கா யோசித்தது. தம்பி திருகாணி முறுக்கியது." சாப்பிட்டதும் ஆஸ்பத்திரிப் பின்பக்கம் வந்து பார்த்துவிட்டுப் போங்கள். கம்பளி சுற்றிய இடத்தில் தொட்டால் சுடாது. அது அக்கா சுற்றியது. நிற்கும்போது திடீரென்று தலைக்கு மேல் கத்தும். யாரும் ஓட வேண்டாம். கத்தினால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.