பாத்ரூமில் விழுந்தவர்கள்

சம்பந்தம் சேஃப்டி ஆபீசராக இருந்த சைட்டில் யாருக்கும் அடிபட்டதே கிடையாது. அடிபட்டவர்கள் எல்லாரும் அவரவர் வீட்டு பாத்ரூமில் வழுக்கி விழுந்தவர்கள்.

பூந்தமல்லியிலிருந்து ஆவடி போகிற சாலையில் இருபது மாடியை நெருங்கிக்கொண்டிருந்த அடுக்குமாடிக் குடியிருப்பு அது. ஏரியின் அழகைச் சொல்லும் ஓர் ஆங்கிலப் பெயர் அதற்கு. மொட்டைமாடியில் ஏறி எக்கிப் பார்த்தாலும் ஏரி தெரியாது. சைட் வாசலில் ஒரு பச்சைப் பலகை இருந்தது. 'விபத்தின்றிக் கழிந்த நாட்கள்' என்று எழுதி, எண்களை மாட்டக் கொக்கி வைத்திருந்தார்கள். தினமும் காலையில் சம்பந்தமே போய், சாமி படத்துக்குப் பூ மாற்றுகிறவர் மாதிரி அந்த எண்ணை மாற்றுவார். மாற்றிவிட்டு இரண்டடி தள்ளி நின்று பார்ப்பார்.

அதற்கு முன்னால் அவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். அந்தக் கம்பெனியை மூடினார்கள். ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போய் சேஃப்டி டிப்ளமோ வாங்கினார். காண்ட்ராக்டில் சேர்ந்து, வருடா வருடம் நீட்டிப்பு வாங்கி, எப்போது பெர்மனென்ட் ஆவோம் என்று காத்திருந்தார். வேறு ஆசை அவருக்கு இல்லை. அந்த ஒரு ஆசை அவரை என்னவெல்லாம் செய்யவைத்தது என்பதுதான் கதை.

புதிதாக வருகிற ஆட்களுக்குத் தகரக் கொட்டகையில் பாதுகாப்பு வகுப்பு நடக்கும். வந்தவர்கள் ஒடிசாக்காரர்கள், பீகார்க்காரர்கள். வீடியோ இங்கிலீஷில் ஓடும். சம்பந்தம் தமிழில் விளக்குவார். கடைசியில் "புரிஞ்சுதா?" என்று கேட்பார். "புரிஞ்சுது" என்பார்கள். பாதிப் பேருக்குத் தெரிந்த ஒரே தமிழ் வார்த்தை அதுதான். பிறகு உயரத்தில் வேலை செய்வதற்கான பாஸ். முழங்கால் உயரத்தில் கிடத்தியிருக்கும் பைப்பின் மேல் நடந்து காட்ட வேண்டும். விழாதவனுக்கு ஹெல்மெட்டில் ஸ்டிக்கர் ஒட்டப்படும். விழுந்தவன் விழாமல் நடக்கும்வரை நடக்கலாம். ரத்த அழுத்தம் பார்க்கிற மெஷினில் பேட்டரி தீர்ந்து வெகுகாலம் ஆகியிருந்தது. அதனால் அந்த சைட்டில் எல்லாருக்கும் ஒரே ரத்த அழுத்தம், அதுவும் நல்ல ரத்த அழுத்தம்.

இதெல்லாம் எந்த சைட்டிலும் நடப்பதுதான். சம்பந்தத்தின் கைவரிசை தெரிவது யாராவது விழுந்த பிறகு. ஆம்புலன்ஸைக் கூப்பிட மாட்டார், அது சத்தம் போடும். தன் பழைய காரிலேயே ஏற்றிக்கொண்டு, பூந்தமல்லியில் சந்துக்குள் இருக்கிற ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குப் போவார். வழியெல்லாம் பாடம் நடக்கும். "டாக்டர் கேட்டா இன்னா சொல்லுவே?" அடிபட்டவன் வலியோடு வலியாக, "பாத்ரூம் சார்" என்பான். பார்த்தவர்கள் யாரும் எதையும் பார்க்கவில்லை என்று ஆளுக்கு ஒரு கையெழுத்துப் போடுவார்கள். அன்று சாயங்காலமே அவர்கள் வேறு சைட்டுக்குப் போயிருப்பார்கள். வைத்தியச் செலவைக் கம்பெனி இரக்கப்பட்டுச் செய்யும். சம்பந்தத்துக்கு இதில் ஒரு உறுத்தலும் கிடையாது. ஏழைக்கு வைத்தியமும் ஆயிற்று, கம்பெனிக்குப் பெயரும் ஆயிற்று, இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்றுதான் மனதார நினைத்தார்.

சாரம் கட்டுகிற பாண்டியனுக்கும் அப்படித்தான் ஆயிற்று. அவன் திருநின்றவூர்க்காரன். மிதிபலகை உருவிக்கொண்டு வந்ததில் விழுந்து தோள் எலும்பு நொறுங்கியது. அவன் குடியிருந்தது லைன் வீடு, ஆறு குடித்தனத்துக்கும் ஒரே குளியலறை. அதற்கெல்லாம் சம்பந்தம் அசரவில்லை. 'தன் இல்லத்துக் குளியலறையில் வழுக்கி விழுந்தார்' என்று அழகாக எழுதிவிட்டார். அதற்கப்புறம் பாண்டியனின் வலது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. சாரம் கட்ட முடியாதவனை வாசலில் லாரிக்குச் சிவப்புக் கொடி காட்ட நிறுத்தினார்கள். அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் தான்தான் என்று சம்பந்தம் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டார். தர்மப் பிரபு.

இந்த நிலையில்தான் விருது வந்தது. ஒரு விபத்தும் இல்லாத சைட்டுக்குத் தலைமை அலுவலகம் கேடயம் கொடுக்கப்போகிறது, போட்டோ அனுப்பு என்றார்கள். கேடயம் வந்தால் பெர்மனென்ட் ஆர்டர் கூடவே வரும் என்று புராஜெக்ட் மேனேஜர் ஜானகிராமன் வாய்விட்டே சொல்லிவிட்டார்.

உறுதிமொழி எடுக்கும் போட்டோவுக்கு வெளிச்சம் நன்றாக விழும் நாலாவது மாடியைத் தேர்ந்தெடுத்தார் சம்பந்தம். அங்கே ஒரு குறை. பைப்புகள் போவதற்காகத் தரையில் விட்டிருந்த சதுர ஓட்டை, ஓர் ஆள் இறங்குகிற அகலத்துக்கு, மூடாமல் கிடந்தது. இரும்பு மூடி கேட்டால் ஸ்டோரில் அடுத்த வாரம் என்றார்கள். போட்டோவில் ஓட்டை தெரிந்தால் கேடயம் போய்விடுமே. 'பாதுகாப்பே முதல்' என்று எழுதிய ஃப்ளெக்ஸ் பேனர் ஒன்று சும்மா இருந்தது. அதை ஓட்டையின் மேல் விரித்து, நாலு மூலையையும் கட்டுக்கம்பியால் இழுத்துக் கட்டச் செய்தார். பார்க்க லட்சணமாக இருந்தது.

மறுநாள் காலையில் எல்லாரையும் வரிசையாக நிற்கவைத்தார். கூட்டம் பத்தவில்லை என்று வாசலிலிருந்து பாண்டியனையும் வரவழைத்தார். கையில் போனைப் பிடித்துக்கொண்டு, "கிட்ட வாங்கப்பா, தாடைப் பட்டைய மாட்டு, சிரிங்க" என்று சொல்லிக்கொண்டே பின்னால் நகர்ந்தார். எல்லார் ஹெல்மெட்டின் தாடைப் பட்டையும் படத்துக்குள் வரவேண்டுமே என்று இன்னும் ஒரு அடி நகர்ந்தார். சொன்னபடி எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்க, பாதுகாப்பே முதலோடு சேர்ந்து மூன்றாவது மாடிக்குப் போய்ச் சேர்ந்தார்.

முதலில் ஓடி இறங்கி வந்தவன் பாண்டியன். எழும்புகிற ஒரு கையால் அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, "அசையாதீங்க சார், கால் மடிஞ்சிகினு கீது" என்றான். அவர் காரிலேயே அவரை ஏற்றி, அதே சந்துக்குள் கொண்டுபோனார்கள். டாக்டர் தலைநிமிராமலே, "பாத்ரூமா?" என்று கேட்டார்.

"ஆமா டாக்டர்" என்றார் சம்பந்தம். தொடை எலும்பு இரண்டாகி இருக்கும்போதும் வாய் பழக்கத்தை விடவில்லை.

சாயங்காலம் ஜானகிராமன் ஆப்பிளோடு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். சம்பந்தத்தின் மனைவி வடிவு எழுந்து நின்றாள்.

"உங்களுக்கு நான் சொல்லணுமா சம்பந்தம்? சைட்ல விழுந்ததா எழுதினா நஷ்டஈடு உண்டு, சம்பளத்தோட லீவு உண்டு. ஆனா போர்டுல நம்பர் பூஜ்யம் ஆயிடும். கேடயம் போச்சு. உங்க ஆர்டரும் அதோட போச்சு. வீட்ல விழுந்ததா இருந்தா..." என்று நிறுத்தினார்.

சம்பந்தம் பேப்பரும் பேனாவும் கேட்டார். 'தன் இல்லத்துக் குளியலறையில்' என்று ஆரம்பித்து, நிறுத்தற்குறிகூடத் தப்பாமல் எழுதிக் கொடுத்தார். இதை இவ்வளவு நன்றாக எழுத அந்த சைட்டில் வேறு ஆள் கிடையாது.

ஜானகிராமன் போனதும் வடிவு பிடித்துக்கொண்டாள். "டெய்லி பினாயில் ஊத்திக் கயுவறேன். இப்போ நம்ம ஊட்டு பாத்ரூம்ல பாசி புடிச்சுக் கீதுன்னு ஊரே பேசும். உங்களுக்கு இன்னா, எய்திக் குட்த்துட்டீங்க."

அவள் சொன்னபடியே ஆயிற்று. உடம்பு விசாரிக்க ஒரகடத்தில் இருந்த அவர்கள் வீட்டுக்கு வந்தவர்கள் முதலில் பாத்ரூமைத்தான் எட்டிப் பார்த்தார்கள். அவளுடைய நாத்தனார் ஒரு ரப்பர் மிதியடி வாங்கி வந்து, "வழுக்காது அண்ணி" என்று கையில் கொடுத்துவிட்டுப் போனாள். வடிவு அன்று புருஷனுக்குச் சாப்பாடு போட்டாள், பேசவில்லை.

கேடயம் வந்தது. ஜானகிராமன் அதை வாங்கிக்கொண்டு நிற்கிற படம் சம்பந்தத்தின் போனுக்கும் வந்தது. காலில் பிளேட் வைத்து, கைத்தடியோடு நடமாடத் தொடங்கியதும், பெர்மனென்ட் ஆர்டருக்கு முன்னால் ஒரு மருத்துவப் பரிசோதனை என்று கூப்பிட்டார்கள். இந்தப் பரிசோதனையில் மெஷினுக்கெல்லாம் பேட்டரி இருந்தது. இந்தக் காலோடு உயர வேலைக்குத் தகுதியில்லை என்று எழுதிவிட்டார்கள். உயர வேலைப் பாஸ் இல்லாதவர் சேஃப்டி ஆபீசராக இருக்க முடியாது. அது விதி. அந்த விதியை வகுப்பில் வாரா வாரம் வாசித்தவர் அவர்தான்.

"உக்காந்த வேலையாச்சும் குடுங்க சார்" என்றார் ஜானகிராமனிடம்.

"சைட்ல அடிபட்டவருக்குன்னா கம்பெனி குடுத்தே ஆகணும். நீங்க வீட்ல விழுந்தவராச்சே" என்றார் ஜானகிராமன். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. அதுதான் சம்பந்தத்துக்கு அதிகமாக எரிந்தது. இத்தனை வருடம் அந்தக் குரலில்தான் அவரும் பேசியிருக்கிறார். காண்ட்ராக்ட் அந்த மாதத்தோடு முடிந்தது.

பூந்தமல்லி கோர்ட் வாசலில் ஒரு வக்கீலைப் பிடித்தார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாலும், விழுந்ததைக் கண்ணால் பார்த்த ஓர் ஆள் வந்து சொன்னால் கேஸ் நிற்கும் என்றார் வக்கீல். ஆளுக்கு எங்கே போவது? போட்டோவில் சிரித்தவர்களை எல்லாம் அன்றைக்கே வேறு வேறு ஊருக்கு அனுப்பியாகிவிட்டது. அவர் ஆஸ்பத்திரியில் இருந்தாலும் அவர் ஏற்படுத்திய முறை மட்டும் பிசகாமல் நடந்திருந்தது. மிச்சம் இருந்தது பாண்டியன் ஒருவன்தான். கொடி காட்ட அவனை விட்டால் ஆள் கிடைக்கவில்லையாம்.

சம்பந்தம் ஆட்டோ பிடித்துத் திருநின்றவூர் போனார். பாண்டியன் குடியிருந்த லைன் வீடு மாடியில் இருந்தது. கைப்பிடி இல்லாத படிகளில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார். பாண்டியன் நாற்காலியைத் துடைத்துப் போட்டான். அவன் பெண்சாதி டீ கொண்டுவந்து வைத்தாள்.

"இன்னா சார், கால் எப்டி கீது?"

"கீது பாண்டியா. நீ வந்து ஒரு வார்த்த சொல்லணும். நான் சைட்லதான் உயுந்தேன்னு. வேல போயிடுச்சுடா. எனக்கு வேற கதி இல்ல."

"சொல்றேன் சார். நான்தான பாத்தேன், நானே வந்து சொல்றேன்."

சம்பந்தத்துக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு மனுஷனா என்று நெகிழ்ந்துபோனார்.

"ஆனா வக்கீலாண்ட போவும்போது ஒண்ணு செய்ங்க சார்" என்றான் பாண்டியன். "உங்குள்த எய்தும்போதே என்துயும் எய்திடுங்க. பலக உருவிகினு வந்துதான் உயுந்தேன், பாத்ரூம்ல இல்லன்னு. நான் சொன்னா எவன் கேப்பான்? மாத்தி எய்துன நீங்களே சொன்னாதான் எடுபடும்."

சம்பந்தம் டீயை எடுத்தார், குடிக்காமல் வைத்தார். தன் சர்வீஸிலேயே முதல்முறையாக அப்போதுதான் ஓர் அபாயத்தை உட்கார்ந்து ஒழுங்காக யோசித்தார். பாண்டியனுடையதை ஒப்புக்கொண்டால் மற்றவர்களுடையது வெளியே வரும். யார் எழுதினது, யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்பார்கள். டிப்ளமோ போகும், போலீஸ்கூட வரலாம். பாண்டியனின் தோளைப் பார்த்தார். பார்க்கக் கூசியது. ஆனாலும் கூச்சத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது.

"மொதல்ல என் கேஸ் முடியட்டும் பாண்டியா. உன்னுத அப்பால பாக்கலாம்."

"அப்பாலன்னா எப்போ சார்?"

சம்பந்தம் கைத்தடியைத் தேடி எடுத்தார். கீழே ரயில் ஒன்று ஆவடிப் பக்கம் போனது. அந்தச் சத்தம் அடங்கும்வரை பாண்டியன் பதிலுக்காகக் காத்திருந்தான்.

"அப்போ நீங்க பாத்ரூம்லதான் சார் உயுந்தீங்க" என்றான். அவன் குரலில் கோபமே இல்லை. பிறகு தன் நல்ல கையை அவருக்குக் கொடுத்து, ஒவ்வொரு படியாகக் கீழே இறக்கி ஆட்டோவில் உட்காரவைத்தான். ரோடு குண்டும் குழியுமா இருக்கும், பார்த்து மெதுவாகப் போ என்று டிரைவரிடம் சொன்னான்.