புளியந்தோப்பும் நான் எழுதிய ஒரு வரியும்

ஏரிக்குப் பின்னால் இருக்கும் குன்று வெகுகாலமாகக் காப்புக்காடு. குன்றுக்கும் ஏரிக்கும் நடுவில் கிடந்த புறம்போக்கையும் காட்டோடு சேர்க்கப் போவதாக அறிவிப்பு வந்தபோது, எங்கள் தெருவில் என்னைவிடச் சந்தோஷப்பட்டவன் கிடையாது. கோடையில் புள்ளிமான்கள் தண்ணீருக்கு இறங்கும் வழி அது. ஒரு பக்கம் மண் அள்ளிக்கொண்டிருந்தார்கள், இன்னொரு பக்கம் மனைக்கல் நட்டாகிவிட்டது. இப்படியே விட்டால் மான் ஆரணி பஸ் ஸ்டாண்டுக்குத்தான் வரவேண்டும்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஆதரவு மனு எழுதும் வேலை தானாக என்னிடம் வந்தது. ஒரே மூச்சில் எழுதினேன். கனமாக இருக்கட்டும் என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: ‘மேற்படி நிலத்தில் எங்களுக்கு எவ்வித உபயோகமும் இல்லை, எவ்வித உரிமையும் கோரமாட்டோம்.’ தெருவே கையெழுத்துப் போட்டது. அப்பா தறியிலிருந்து எழுந்து வந்து, “எங்க போடணும்?” என்று மட்டும் கேட்டார்.

அந்த நிலத்தில் ஒரு புளியந்தோப்பு உண்டு. விடிந்ததும் எங்கள் தெருக்காரர்கள் பாவு விரிப்பது அங்கேதான். புடவையின் நீளவாட்டு இழைகளை மரத்துக்கு மரம் இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, அறுந்ததை முடிந்து, வெயில் ஏறுவதற்குள் சுருட்டியாக வேண்டும். நானும் அங்கே இழை பிடித்தவன்தான். ஆனால் ‘உபயோகம்’ என்று எழுதியபோது என் நினைவுக்கு வந்தவை வீடு, வயல், கிணறு. தோப்பு வரவில்லை.

நிலத்தைக் காட்டோடு சேர்ப்பது பற்றித் தாலுகா ஆபீசில் விசாரணை நடந்த நாளில், அதிகாரி மனுவை உரக்கப் படித்தார். கடைசி வரியில் சலசலப்பு எழுந்தது.

“இன்னாடா எழுதிக்கீறான் உன் புள்ள? நாளைக்குப் பாவை எங்க கட்றது, உன் மூக்குலயா?” என்றார் பக்கத்து வீட்டுப் பெரியப்பா.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. “எனக்கு இன்னாண்ணா தெரியும்? போடுன்னான், போட்டேன்.”

பின்பெஞ்சில் மண் லாரிக்காரர் சிரித்தார். மனுவைத் திரும்ப வாங்கினால் காடு போய்விடும், விட்டுவிட்டால் தோப்பு போய்விடும். எழுந்து நின்றேன். “சார், அந்த வரி தப்புங்க. யாரையும் கேக்காம நானே எழுதிட்டேன்.”

“அப்ப காடு வேணுமா, வேணாமா?”

நான் வாய் திறப்பதற்குள் அப்பா சொன்னார்: “வேணுங்க. மரம் பூட்டா பாவுக்கு நெழல் ஏது? காலையில ரெண்டு மணி நேரம் மட்டும் எங்களுக்கு உடுங்க. நாங்க பாவு கட்டிகினு இருப்போம், மானு அது பாட்டுக்குப் பக்கத்துல போவும்.”

“அதையே எழுதிக் குடுங்க. முடிவு என் கையில இல்ல, மேல அனுப்பறேன்” என்றார் அதிகாரி.

வெளியே வண்டி சீட்டின் மேல் தாளை வைத்து, ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினேன். எத்தனை மரம், எந்தப் பக்கம். “வடக்கு மூலை வேணான்டா, அங்க மயிலு முட்ட வைக்குது. நாங்களே போறதில்ல” என்றார் பெரியப்பா. அது எனக்குத் தெரியாது.

முழுதும் படித்துக் காட்டினேன். அப்பா பேனாவை வாங்கிக்கொண்டார். உடனே போடவில்லை.

“இன்னொரு தபா படி” என்றார்.