செக்கிங் பாட்டின் மூன்றாவது சரணம்

வேப்பமரத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கி முதலில் கரகரக்கும், பிறகு ஒருமுறை வீறிடும், அதற்குப் பின் ஒரு பெண்குரல் விடியற்காலைக் குளிரில் மல்லசமுத்திரம் முழுவதும் பரவும். மாரியம்மன் "நோம்பி", அதாவது திருவிழா, தொடங்கிவிட்டது என்று எங்களுக்கு அப்படித்தான் தெரியும். சாமி பாட்டும் சினிமாப் பாட்டும் அப்புறந்தான். மைக்செட் அர்ச்சுனன் அண்ணன் நான்கு திசையிலும் நான்கு குழாய்களைக் கட்டி, ஒவ்வொன்றாக இணைத்து, அது பாடுகிறதா என்று நடந்துபோய்க் கேட்டுவிட்டு வரும்வரை ஓடும் அந்தப் பாட்டுக்கு ஊரில் "செக்கிங் பாட்டு" என்று பெயர். "நாலாவது கொழாயும் பாடிருச்சு, இன்னும் தலை சீவுலையா நீயி?" என்பார் அம்மா.

நான்காவதும் சரியென்றால் அண்ணன் பாட்டை நிறுத்திவிடுவார். அநேகமாக அது இரண்டாவது சரணம் முடிகிற இடமாக இருக்கும். எனக்கு அந்தக் குரல் பிடித்திருந்தது. "முழுசா முடியட்டுங்ண்ணா" என்று ஒரு வருடம் கேட்டேவிட்டேன்.

"நல்ல பாட்டப் பாதில நிறுத்துனா சனம் சண்டைக்கு வரும். இது கேசட்டுக் கடைக்காரரு விக்கலைன்னு சும்மா குடுத்தது கண்ணு. நிறுத்துனா யாரு கேக்கப்போறா, உன்னயத் தவுத்து?" என்றார்.

இப்போது நோம்பிக்குச் சேலத்திலிருந்து லாரியில் பெட்டி பெட்டியாக ஸ்பீக்கர் வருகிறது. இறக்கிவைத்த நிமிடமே கைப்பேசியிலிருந்து பாட்டு. சென்ற மாதம் அண்ணன் பழைய சாமான்களை ஒழித்தபோது, அந்தப் பாடகியின் மூன்று கேசட்டுகளை எனக்குக் கொடுத்தார். துடைத்து, வரிசை எண் போட்டு, உறையில் இருந்ததை நாட்குறிப்பில் எழுதிக்கொண்டேன். பெயர் சிவபாக்கியம், ஊர் ராசிபுரம், சென்னையில் சினிமாப் பாட்டுகளுக்குக் கோரஸ் பாடியவர். வானொலியில் பாடகர்களின் பெயருக்குப் பின்னால் "மற்றும் குழுவினர்" என்பார்களே, அதற்குள் இத்தனை வருடம் இருந்திருக்கிறார்; இந்தக் கேசட்டுகளில்தான் தனியாகப் பாடியிருந்தார்.

இரண்டு கேசட்டுகள் ஒருமுறைகூட ஓடாதவை போலத் தெளிவாக இருந்தன. மூன்றாவதில் அந்தப் பாட்டு மட்டும் தேய்ந்திருந்தது, அதுவும் இரண்டு சரணம் வரைக்கும். மூன்றாவது சரணம் புத்தம்புதிதாக ஒலித்தது. அன்றுதான் அதை முதன்முறையாகக் கேட்டேன்.

ராசிபுரத்தில் விசாரித்து, தன் தம்பி வீட்டில் இருந்த அவரைப் பார்க்கப் போனேன். எழுபதைத் தாண்டியவர். எங்கள் ஊர் நோம்பியில் வருடாவருடம் அவர் பாட்டுத்தான் முதலில் என்று சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்படியா சாமி? முழுசாப் போட்டாங்களா? மூணாவது சரணம் நானே எழுதுனது. அதக் கேட்டேன்னு இன்னவரைக்கும் ஒருத்தருஞ் சொன்னதில்ல."

ஆமாம் என்று சொல்லிவிடலாம். அந்த முகத்துக்கு அதுதான் வேண்டியிருந்தது. ஆனால் நாட்குறிப்பில் நடந்ததைத் தவிர வேறெதையும் எழுதிப் பழகாத எனக்கு வாய் வரவில்லை.

"இல்லீங்க. கொழாய் சரியா இருக்குதான்னு பாக்கறதுக்குப் போடுவாங்க. ரெண்டாவதோட நிறுத்திருவாங்க. மூணாவத நானே போன மாசந்தான் கேட்டேனுங்க."

நிமிர்ந்தவர் மறுபடி சாய்ந்துகொண்டார். பிறகு, "கொழாய் நல்லாப் பாடுச்சா?" என்றார்.

"பாடுச்சுங்க."

"அப்பச் செரி. எங்க, அந்த மூணாவதப் பாடு சாமி, நெசமாலுமே கேட்ட ஆளான்னு பாக்கறேன்."

சுருதி சேராத குரலில் தொடங்கினேன். இரண்டாவது வரியில் அவரும் சேர்ந்துகொண்டார். ஆனால் என் குரலுக்குக் கீழே, எனக்கு இடம் விட்டு, பழக்கப்படி கோரஸாக. நான் நிறுத்திக்கொண்டேன். அவர் ஒரு கணம் தயங்கி என்னைப் பார்த்தார்; பிறகு தனியாகப் பாடி முடித்தார்.