பிடித்துக்கொள்ள ஓர் ஆள்

கூடலூரில் நான் வேலை பார்த்த தனியார் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே அறை முன்பு சாமான் அறையாக இருந்தது. அட்டைப்பெட்டிகளை வெளியே எடுத்துவிட்டு மெஷினை உள்ளே வைத்தார்கள், அவ்வளவுதான். சுவரில் கதிரைத் தடுக்கும் ஈயத் தகடு கிடையாது. கதவு சாதாரண மரக்கதவு. அதற்கு வெளியே, சுவரை ஒட்டிப் போட்ட பெஞ்சில் அடுத்தடுத்த நோயாளிகள் காத்திருப்பார்கள். நான் பொத்தானை அழுத்தும் இடத்துக்கும் மெஷினுக்கும் நடுவே ஒரு பிளைவுட் தடுப்பு இருந்தது. அது என்னை மறைத்தது. காப்பாற்றியதா என்று கேட்டால் எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

கோயமுத்தூரில் எக்ஸ்ரே படிப்பு முடித்து, கல்யாணமாகி மலையேறியவள் நான். என் கணவர் தேவர்சோலைப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் ஆபீசில் கிளார்க். அதே எஸ்டேட்டின் தொழிலாளர் லைன் வீட்டிலிருந்துதான் அக்காவும் வருவார். அக்கா என்றால் எக்ஸ்ரே அறையில் எனக்குத் துணையாக இருந்த ஆயா. சின்ன வயதில் பெற்றோருடன் சிலோனிலிருந்து கப்பலேறி வந்தவர். அங்கே ஆஸ்பத்திரிப் பெண்களை மிஸி என்பார்களாம். என்னையும் கடைசிவரை மிஸி என்றுதான் கூப்பிட்டார்.

அக்காவின் வேலை பிடித்துக்கொள்வது. சளி கட்டிய குழந்தைக்கு நெஞ்சுப் படம் எடுக்க வேண்டுமானால் அது அசையக் கூடாது. தாய்மார்கள் அழுவார்கள், கை நடுங்கும், படம் கலங்கிப்போகும். அக்கா பிடித்தால் கலங்காது. குழந்தையின் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே சேர்த்துப் பிடித்து, அதன் முகத்தோடு முகம் வைத்து ஏதோ முனகுவார். மிளகுக் கொடிக்காக சில்வர் ஓக் மரத்தில் கிளை கழிக்கப் போய் விழுந்தவர்கள், யானை தள்ளிவிட்டவர்கள், நிற்க முடியாத கிழவர்கள் எல்லோரையும் அவர்தான் தாங்கிக்கொண்டு நிற்பார். மலையாளம் மட்டும் தெரிந்தவர்களுக்கு, “ஸ்வாசம் வலிச்சு பிடிக்கு” என்று மூச்சை இழுத்துப் பிடிக்க அவரே சொல்லிவிடுவார். நான் பொத்தானை அழுத்துவேன்.

ஈய ஏப்ரன் ஒன்று இருந்தது. வாங்கிய நாளிலிருந்து நாற்காலி முதுகில் மடித்துப் போட்டே மடிப்பெல்லாம் வெடித்துவிட்டது. புதிது கேட்டால், அடுத்த மாசம் பார்க்கலாம் என்பார் டாக்டர். அவர்தான் ஆஸ்பத்திரியின் முதலாளி. கெட்டவர் என்று ஊரில் ஒருவரும் சொல்ல மாட்டார்கள். ஏழைகளைப் பார்த்தால் ஃபீஸ் வாங்க மாட்டார். அடுத்த மாதம் என்பது மட்டும் அவரிடம் வரவே வராது.

பிறகு, மெஷினில் வேலை செய்பவர்கள் நெஞ்சில் ஒரு பேட்ஜ் குத்திக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு வந்தது. உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்று அதை அனுப்பிப் பார்ப்பார்கள். எனக்கு மட்டும் ஒன்று வந்தது.

“அக்காவுக்கு இல்லீங்களா டாக்டர்?” என்று கேட்டேன்.

“அவங்க ஆயாதானுங்க சிஸ்டர். மெஷினத் தொடறதே இல்லையே.”

உண்மைதான். அக்கா மெஷினைத் தொட்டதே இல்லை. அதற்கு முன்னால் நின்றார்.

ஒரு தடவை என் பேட்ஜில் அளவு கூடுதலாக வந்துவிட்டது. டாக்டர் கூப்பிட்டு அனுப்பினார். நானாவது பயந்துபோய் நின்றேன். அவர் முகத்தில் எரிச்சல் மட்டும்தான் இருந்தது.

“பேட்ஜ ரூமுக்குள்ளயே கழட்டி வெச்சுட்டுப் போயிட்டீங்களா?”

“இல்லீங்க டாக்டர். போட்டுட்டுத்தான் இருந்தனுங்க.”

“இப்படி வந்துதுன்னா மேல இருந்து ஆள் வருவாங்க. மெஷினுக்குச் சீல் வெச்சுட்டா அப்புறம் இந்த ஊர் சனம் எலும்பு முறிஞ்சா ஊட்டிக்குத்தான் போகோணும். இனி அது ஆபீஸ்லயே இருக்கட்டுங்க.”

அதன் பிறகு என் பேட்ஜ் ஆபீஸ் பீரோவில் குடியிருந்தது. அளவு ஒருநாளும் கூடவில்லை. அந்த பீரோவுக்கு எந்த நோயும் வராது என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

அக்காவுக்கு ஐம்பது தாண்டியபோது சோர்வு வந்தது. ஆஸ்பத்திரி மேடு ஏறுவதற்குள் இரண்டு இடத்தில் உட்கார்ந்தார். காலில் நீலம் நீலமாகத் திட்டுகள். “எங்கயோ இடிச்சிருப்பேன் மிஸி” என்றார். ஒரு நாள் காலையில் பல் தேய்த்ததும் ஈறில் ரத்தம் நிற்கவில்லை என்று முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டே வேலைக்கு வந்தார். எங்கள் லேபிலேயே ரத்தம் எடுத்தோம். லேப் பையன் ரிசல்ட்டை அவர் கையில் கொடுக்காமல் டாக்டரிடம் கொண்டுபோனபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. ரத்தப் புற்றுநோய்.

கோயமுத்தூரில் சேர்த்தார்கள். நான் லீவு போட்டுப் பார்க்கப் போனேன். வார்டில் இருந்த பெண் டாக்டரிடம், எக்ஸ்ரே அறையில் வருஷக்கணக்காக நின்றவர் என்று சொல்லி, அதனால் இருக்குமா என்று கேட்டேன். அவர் என்னை உட்காரச் சொன்னார்.

“கொஞ்சம் கொஞ்சமா, ரொம்ப வருஷம் பட்டா வாய்ப்பு கூடும்னு சொல்லலாங்க. ஆனா இவங்களுக்கு வந்தது அதனாலதான்னு யாரும் எழுதித் தர முடியாது. அதனால இல்லைன்னும் எழுதித் தர முடியாது. கதிர் எதுவும் முத்திரை குத்திட்டுப் போறதில்லைங்க.”

நேர்மையான பதில். அந்த நேர்மையை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது என்பது ஊருக்குத் திரும்பிய பிறகு புரிந்தது. அக்காவின் வீட்டுக்காரர், எஸ்டேட்டில் கவாத்து வெட்டுகிறவர், என்னையும் அழைத்துக்கொண்டு டாக்டரைப் பார்க்கப் போனார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே பேசினார்.

“அய்யா, இந்த மெஷினாலதான் வந்திருக்குமோன்னு சொல்றாங்க.”

டாக்டர் கோபப்படவில்லை. நாற்காலியைக் காட்டி உட்கார வைத்தார். “இங்க பாருங்க. உங்க சம்சாரம் இங்க வர்றதுக்கு முன்னாடி என்ன வேலை செஞ்சாங்க?”

“கொழுந்துதாங்க எடுத்தா. மருந்தடிக்கிற ஆளுங்களுக்குத் தண்ணி சுமந்தா.”

“அப்புறம் என்னங்க? அந்த மருந்தெல்லாம் எவ்வளவு வெஷம்னு உங்களுக்கே தெரியுமே. நம்ம மெஷின்ல வர்றது ஒண்ணுமே இல்லீங்க, வெயில்ல நிக்கற மாதிரி.”

அக்காவின் வீட்டுக்காரர் அடுத்து எஸ்டேட் ஆபீசுக்குப் போனார். அங்கே என் கணவர் கிளார்க்காக உட்கார்ந்திருக்க, மானேஜர் சொன்ன பதிலை என் கணவரே வந்து என்னிடம் சொன்னார்: அந்தம்மா எஸ்டேட் வேலையை விட்டு எத்தனையோ வருஷமாகிவிட்டது, அத்தனை வருஷமும் எக்ஸ்ரே ரூமில் நின்றவர், ஆஸ்பத்திரியில் போய்க் கேட்கச் சொல்லுங்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் அக்காவின் வீட்டுக்காரரைப் பார்த்தேன். “ஆஸ்பத்திரியில கேட்டாக்கா எஸ்டேட்டுங்கிறாங்க. எஸ்டேட்டுல கேட்டாக்கா ஆஸ்பத்திரிங்கிறாங்க. அப்ப அவ எங்கதாங்க மிஸி வேல செஞ்சா?” என்றார். ஒரு விஷம் இன்னொரு விஷத்துக்குச் சாட்சி சொல்லி விடுவித்துவிடுகிறது என்று எனக்குத் தோன்றியது. இரண்டையும் வாங்கிக்கொண்ட உடம்புக்குச் சாட்சி இல்லை.

அந்த மழைக்காலத்திலேயே அக்கா போய்விட்டார். டாக்டர் லைன் வீட்டுக்கு நேரில் வந்தார். மாலை போட்டார், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பால் இல்லாத தேநீர் குடித்தார். டாக்டரே வந்திருக்கிறார் என்று லைனே கூடிவிட்டது. எத்தனை குழந்தைகளைப் பிடித்த கை என்று அவர் சொன்னபோது பெண்கள் விம்மி அழுதார்கள். அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நடிப்பு இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எழுந்து பின்பக்கம் போய் தண்ணீர்த் தொட்டி ஓரமாக நின்றேன்.

அடுத்த வாரமே இன்னொரு ஆயாவைப் போட்டார்கள். புது ஏப்ரன் வாங்கும்வரை அவளை உள்ளே விட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இரண்டு நாளில் வந்துவிட்டது. இத்தனை வருஷம் வராத அடுத்த மாதம் இரண்டு நாளில் வந்தது.

எனக்குக் கண்ணில் ஆரம்பித்தது. ராத்திரி பஸ்ஸில் வரும்போது நடுவட்டம் இறக்கத்தில் எதிரே வரும் லாரி விளக்குகள் வெடித்துச் சிதறுவதுபோலத் தெரிந்தன. பிலிமில் மெல்லிய எலும்புக் கீறல் பிடிபடவில்லை. கண் டாக்டர் பார்த்துவிட்டு, சுகர் இருக்கிறதா, அடிபட்டதா, ஸ்டீராய்டு சாப்பிட்டீர்களா என்று வரிசையாகக் கேட்டார். ஒன்றும் இல்லை. கண்ணில் புரை. எனக்கு நாற்பத்தைந்துகூட ஆகவில்லை. என்ன வேலை என்றார். சொன்னேன். ‘ம்’ என்றதோடு சரி.

வேலையை விடப் போகிறேன் என்று சொல்லப் போனபோது எங்கள் டாக்டர் மெய்யாகவே வருத்தப்பட்டார். “மலை மேல வெயில் நேரா அடிக்குதுங்க சிஸ்டர். கண்ணு சீக்கிரமே போயிருது. ஒரு கூலிங் கிளாஸ் போட்டிருக்கோணும் நீங்க” என்றார். அக்காவுக்குத் தேயிலை மருந்து, எனக்கு வெயில். அந்த அறையின் மேல் மட்டும் யாரும் எந்தப் பழியும் போடவில்லை.

ஆபரேஷன் முடிந்து வீட்டில் இருந்தபோது அக்காவின் வீட்டுக்காரர் பார்க்க வந்தார். ஒரு பையில் கமலாப்பழம். என் கண்ணில் இருந்த பேண்டேஜைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“மிஸி, நீங்க எஸ்டேட்டுல மருந்துத் தண்ணி ஏதும் தூக்கினீங்களா?”

“இல்லீங்க.”

“கொழுந்து எடுத்தீங்களா?”

“எஸ்டேட் வேலையே செஞ்சதில்லீங்க.”

அவர் தலையை ஆட்டினார். ஒரு கண்ணுக்கும் ஒரு ரத்தத்துக்கும் இடையில் கோடு இழுத்துவிட முடியாது என்று நான் படித்தவளாகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் பழத்தை உரித்து, சுளைகளைப் பிரித்து, ஒரு தட்டில் வைத்து என் பக்கம் நகர்த்தினார். பிறகு கடைசி பஸ் போய்விடும் என்று எழுந்துகொண்டார்.