இன்டெக்ஸில் இல்லாத வார்த்தை

எண்பதுகளில் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பம்பு கம்பெனி ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தேன். பம்பு ரிப்பேர் செய்கிறவர்களுக்காக ஆங்கிலத்தில் ஒரு கையேடு தயாரானது. எந்த விஷயம் எந்தப் பக்கத்தில் என்று கடைசியில் வரும் இன்டெக்ஸை என் தலையில் கட்டினார்கள். "பட்டியல்தானே, சீக்கிரம் முடிச்சிடலாம்" என்றார் மேனேஜர். சொல்கிறவருக்கு என்ன!

ஞாயிற்றுக்கிழமைகளில் செந்தூல் வீட்டு ஹாலில், இன்டெக்ஸ் வார்த்தைகளை எழுதிய துண்டுச் சீட்டுகளைப் பரப்புவேன். காற்று பட்டால் வரிசை போச்சு. நான் கேட்காமலே என் வீட்டுக்காரர் எழுந்துபோய் ஃபேனை நிறுத்துவார். அந்தப் புழுக்கத்தில் பனியனோடு என் எதிரே உட்கார்ந்துகொள்வார். அவர் கிள்ளானில் அதே பம்புகளை ரிப்பேர் செய்யும் மெக்கானிக்.

பம்புக்குள் முதலில் தண்ணீர் நிரப்புவதைக் கையேடு 'பிரைமிங்' என்றது.

"அப்படிப் போட்டா எவன் தேடுவான்? பம்பு தண்ணி எடுக்கலன்னா 'நோ வாட்டர்'னுதான் லா பார்ப்போம்."

'நோ வாட்டர்' என்று எழுதி, 'பிரைமிங்' பார்க்கவும் என்று குறித்தேன். பம்பு நடுங்குவதற்கு அவர் சொன்ன 'ஷேக்'குக்கு, கையேட்டின் 'வைப்ரேஷன்' பார்க்கவும். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் நாங்கள் அவ்வளவு பேசிக்கொண்டதில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

"எல்லாம் போட்டுட்டியா?"

"போட்டாச்சுங்க. ஒங்க வார்த்த அத்தனையும் புக்குல வருது."

மனிதர் வொர்க்ஷாப் முழுக்கச் சொல்லிவைத்துவிட்டார்.

இடம் போதவில்லையென்று, 'பார்க்கவும்' என்றிருந்த வரிகளையெல்லாம் மேனேஜர் அச்சுக்கு முன்னால் வெட்டிவிட்டார். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. புத்தகம் என் கைக்கு வருமுன் கிள்ளானுக்குப் போய்விட்டது.

அன்று சாயங்காலம் அவர் சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தார். கூட வேலை செய்கிறவர்களைக் கூப்பிட்டு, "என் வொய்ஃப் செஞ்சது" என்று பிரித்துக் காட்டியிருக்கிறார். 'நோ வாட்டர்' இல்லை. 'ஷேக்' இல்லை. எல்லோரும் சிரித்திருக்கிறார்கள்.

"இருக்குன்னு நீதான சொன்ன."

நடந்ததைச் சொன்னேன். தலையாட்டினார், நம்பினாரா தெரியவில்லை. மேனேஜர் மேல் வந்த ஆத்திரம் எப்போதோ அடங்கிவிட்டது. அச்சாகி வருமுன் வீட்டுக்காரரிடம் வாயை விட்டேனே என்ற வருத்தம் மட்டும் இன்னும் போகவில்லை.

பிறகு இன்னொரு கையேடு வந்தது. வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமை சீட்டுகளைப் பரப்பினேன். அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கொஞ்சநேரம் காத்திருந்தேன். சீட்டுகள் பறக்கத் தொடங்கியதும் நானே எழுந்துபோய் ஃபேனை நிறுத்தினேன்.

"வேர்க்குது" என்று சொல்லிவிட்டு, பேப்பரை எடுத்துக்கொண்டு அவர் வெளியே போய் உட்கார்ந்தார்.